கானா நாட்டுப்புறப் பாட்டு இல்லையா?

கேள்வி இது. ஒரு பள்ளியில் நடந்த நாட்டுப்புறப் பாட்டுப் போட்டியில் வடசென்னைப் பையன் ஒருவன் கானா பாடினான். இறந்துபோன தாத்தாவைப் பற்றிய பாட்டு. அவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கினது, சாயங்காலம் இவனுக்குப் பொட்டலத்தில் கடலை வாங்கி வந்தது எல்லாம் அதில் வருகிறது. 'இது நாட்டுப்புறப் பாட்டில் சேராது' என்று நடுவர்கள் அவனை விலக்கிவிட்டார்கள். வயல், வரப்பு, மாமன், மச்சான் எல்லாம் வருகிற ஒரு சினிமாப் பாட்டை அச்சுப் பிசகாமல் பாடிய பெண்ணுக்கு முதல் பரிசு. அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் கேட்கிறார்: நடுவர்கள் செய்தது சரியா? எதைத்தான் நாட்டுப்புற இசை என்று சொல்வது?

சுருக்கமான பதில்: தீர்ப்பு தலைகீழாகப் போய்விட்டது. பையன் பாடியது நாட்டுப்புறப் பாட்டு. அந்தப் பெண் பாடியது நாட்டுப்புற மெட்டின் சாயலில் அமைந்த சினிமாப் பாட்டு. அவள்மேல் தப்பு ஒன்றும் இல்லை, நன்றாகவே பாடியிருப்பாள். நடுவர்கள் பாட்டுக்குள் வயல் இருக்கிறதா என்று தேடியிருக்கிறார்கள். நானாக இருந்தால் வேறொன்றைத் தேடியிருப்பேன். பாடுகிறவர் யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் வீட்டுக்கும் அன்றைய நாளுக்கும் தக்கபடி அந்தப் பாட்டை மாற்றிப் பாடுகிறாரா? சுற்றி இருப்பவர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே கேட்கிறார்களா? நான் பார்ப்பது இவ்வளவுதான். ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கே பல வருடம் ஆனது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிக்கல் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. தமிழில் இதற்கு ஒரே பெயர் இருந்ததில்லை. கி.வா.ஜகந்நாதன் காலத்தில் 'நாடோடிப் பாடல்' என்றார்கள். பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டி வைத்திருந்த பாடல்களை கி.வா.ஜ. பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958-இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. நா. வானமாமலை 1964-இல் தன் தொகுப்புக்கு 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று பெயர் வைத்தார். வானொலிக்கு அது 'கிராமிய இசை'. பல்கலைக்கழகங்களில் 'நாட்டுப்புறவியல்' நிலைத்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இந்தத் துறையை வளர்த்த தே. லூர்து, 'நாட்டார் வழக்காற்றியல்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று வாதாடினார். இலங்கைத் தமிழர்கள் வெகுநாளாக 'நாட்டார் பாடல்' என்றே சொல்லி வருகிறார்கள்.

பார்த்தால் வெறும் சொற்சண்டை போலத் தெரியும். ஆனால் அந்தப் பையனுக்குப் பரிசு போனதே இந்தச் சொல்லால்தான். 'நாட்டுப்புறம்' என்று சொன்ன உடனே பட்டிக்காடு கண்முன் வந்துவிடுகிறது. பட்டணத்தில் பிறந்தது எதுவும் அதற்குள் வராது. 'நாட்டார்' என்றால் மக்கள், அவ்வளவுதான். ஆலன் டண்டிஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1960களிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஏதாவது ஒரு பொது அம்சத்தால் சேர்ந்திருக்கும் எந்தக் கூட்டமும் நாட்டார்தான், அது தொழிலாக இருக்கலாம், மொழியாக இருக்கலாம், மதமாக இருக்கலாம். அப்படிப் பார்த்தால் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்களும் நாட்டார். அவர்கள் பாடுவதும் நாட்டார் பாடல்.

அடுத்தது, 'யார் எழுதினது என்று தெரியாததுதான் நாட்டுப்புறப் பாட்டு' என்ற எண்ணம். பாடப்புத்தகத்தில் படித்து எல்லாருக்கும் மனப்பாடம். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் முற்பகல் வரை.

சில வருடங்களுக்கு முன் கழுகுமலைப் பக்கம் ஒரு மிளகாய்ப் புஞ்சையில், களை வெட்டிக்கொண்டிருந்த ஆறேழு பெண்களோடு இருந்தேன். கையில் போன், ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் போன ஆச்சி ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். பின்னால் வருகிறவர்கள் 'தன்னானே' போட்டு அதை வாங்குவார்கள். அடி முடிகிற இடத்தில் களைக்கொத்தி மண்ணில் விழும். அந்தச் சத்தம்தான் தாளம். அரைமணி நேரம் போயிருக்கும். ஆச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அதே மெட்டில் இப்படி வந்தது:

கையில போனு வச்சு
காத்திருக்கும் தம்பிக்கு
களைவெட்டும் பாட்டெல்லாம்
காசுக்கு வாராதாம்

எல்லாரும் சிரித்தார்கள், 'தன்னானே'யும் விடாமல் வந்தது. வேலை ஓய்ந்து தூக்குவாளியைத் திறந்தபோது கேட்டேன், "இந்தப் பாட்டு யாரு எழுதினது ஆச்சி?" அவர் யோசிக்கவே இல்லை. "மொதல்ல எங்க மதினி கட்டுனது தம்பி. அவ பொறந்த ஊர்ல வேற மாதிரிப் படிப்பாக. நாலு அடி நான் சேத்தேன். இந்தா உக்காந்திருக்காளே, இவ அம்மா ரெண்டு அடி." எங்கள் பக்கம் பாட்டை 'எழுதுவது' கிடையாது, 'கட்டுவது'தான். பாடுவதையும் 'பாட்டுப் படிக்கிறது' என்பார்கள். கட்டினது யார், சேர்த்தது யார் என்று அந்தப் புஞ்சையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஆசிரியர் பெயர் தெரியாதது நம்மைப் போல நோட்டும் ரெக்கார்டரும் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான். பல தொகுப்புகளில் 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று இருப்பதற்கு, போனவர் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம். அந்த மதினிக்கு ஒரு பெயர் உண்டு. இங்கே எழுதாததற்குக் காரணம், அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை.

அதே கழுகுமலைக்கு இன்னொரு பக்கமிருந்து வருவோம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இளம் வயதிலேயே, 1891-இல் காலமானவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது காவடிச் சிந்து பாடிக் கொடுத்தார். ஆசிரியர் பெயர், ஊர், புரவலர் எல்லாம் தெரியும். நூலாக அச்சிலும் இருக்கிறது. மோனையும் இயைபும் அடர்ந்த, படித்த கவிஞர் எழுத்து. ஆனால் காவடி தூக்குகிறவர்கள் பாதையில் பாடும்போது அது யாருடையது என்று ஒருவரும் நினைப்பதில்லை. கால் வைக்கிற வேகத்துக்கு அடியை நீட்டுவார்கள், குறைப்பார்கள், தங்கள் ஊர்ப் பெயரை நுழைப்பார்கள். அதே சிந்து சபாக் கச்சேரியின் கடைசிப் பகுதியில் துக்கடாவாகவும் வருகிறது, அங்கே ஓர் எழுத்து மாறாது. ஒரே பாட்டு ரோட்டில் நாட்டுப்புறமாகவும் மேடையில் சாஸ்திரியமாகவும் இருக்கிறது. பாட்டை வைத்து முடிவு செய்ய முடியாது, பாடுகிற விதத்தை வைத்துத்தான் முடியும் என்று எனக்கு உறைக்க வைத்தது இந்தச் சிந்துதான்.

உலக அளவில் அறிஞர்கள் கூடி உட்கார்ந்து இதற்கு ஒரு வரையறை எழுதவும் செய்தார்கள். 1947-இல் லண்டனில் தொடங்கிய சர்வதேச நாட்டுப்புற இசைக் குழு, 1954-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநாட்டில் அதை ஏற்றது. வாய்வழியாக வருவது என்பது அடிப்படை. அதற்கு மேல் மூன்று குணங்கள்: பழையதோடு தொடர்ச்சி இருக்க வேண்டும், பாடுகிறவரின் படைப்பு மனத்தால் மாறிக்கொண்டிருக்க வேண்டும், எந்த வடிவம் நிலைப்பது என்பதைச் சமூகம் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் இரண்டு விஷயம் நம் வழக்குக்கு நேராகப் பொருந்துகிறது. ஒரு தனி ஆள் இயற்றிய பாட்டும், சமூகம் எடுத்து வாய்வழியில் சேர்த்துக்கொண்டால் நாட்டுப்புற இசைதான் என்று அதில் இருக்கிறது. ஆயத்தமாக வந்த ஒரு பிரபலப் பாட்டைச் சமூகம் அப்படியே வைத்துக்கொண்டால் அது நாட்டுப்புற இசை ஆகாது என்றும் இருக்கிறது, மறுபடி மறுபடி ஆக்கிக்கொள்வதுதான் அதற்கு அந்தக் குணத்தைத் தருகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 70 வருடத்துக்கு முந்தைய வரையறை. அதில் குறை சொன்னவர்கள் நிறைய. 1981-இல் அந்தக் குழுவே தன் பெயரிலிருந்து 'நாட்டுப்புற' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மரபு இசை' என்று மாற்றிக்கொண்டது. இருந்தாலும் அந்த இரண்டு வரியும் இன்றைக்கும் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

மாறுவது என்றால் இஷ்டத்துக்கு மாறுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்றுவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பாடுகிறவர்கள் அதைச் சட்டம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் தப்புவது இல்லை. எல்லார் வீட்டிலும் பாடிய தாலாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆரடிச்சு நீ அழுதே' என்று கேட்டுவிட்டு, மாமன் அடிச்சாரோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே என்று போகும். மாமனுக்கு மல்லிகை, அத்தைக்கு அரளி. மோனைதான் இங்கே அச்சு. சில ஊரில் அத்தைக்கு அல்லிப்பூ வரும், மோனை கெடவில்லை, அதனால் ஏற்பார்கள். பாட்டி வந்தால் 'பாலூட்டும் கையாலே' வரும். அத்தைக்கு ரோஜாப்பூ எந்த ஊரிலும் வராது, வந்தால் நாக்கு இடறும். அத்தை இல்லாத வீட்டில் அக்காள் அந்த இடத்துக்கு வருவாள், அரளி அப்படியே இருக்கும். ஆக, உறவுக்கு ஒரு கட்டம், பூவுக்கு ஒரு கட்டம், இரண்டையும் தைக்கிற எழுத்து ஒன்று. படிப்பறிவு இல்லாத ஒரு தாய் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் இதைப் பிசகாமல் செய்கிறாள். யாப்பிலக்கணம் படித்தவர்கள் இதைக் 'கொச்சை' என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்ததே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

சமூகம் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு இலங்கை மலையகத்தில் ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. கோண கோண மலையேறி கோப்பிப் பழம் (காப்பிப் பழம்தான்) பறிக்கையிலே, ஒரு பழம் தப்பிப் போனதற்காகச் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மேலாளர், உதைத்தான் என்று ஒரு தொழிலாளி பாடுகிற பாட்டு அது. இலை நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக்குள் மலை முழுவதும் தேயிலை ஆகிவிட்டது. அப்புறம் வந்த தலைமுறைகள் கோப்பிப் பழத்தைப் பறித்ததே கிடையாது. 'கோப்பி'யை எடுத்துவிட்டுக் கொழுந்தைப் போட்டிருக்கலாம், மெட்டு இடம் கொடுக்கும். ஆனாலும் கோப்பிப் பழம் அப்படியே நின்றது. மலையேற்றமும் உதையும் மாறாத வரைக்கும் பழைய பாட்டே போதும் என்று பாடினவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். இந்த மாதிரிப் பாடல்களைத் தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983-இல் வந்தது.

'எழுதப்படாததுதான் நாட்டுப்புறம்' என்ற வாதமும் நம் ஊரில் முழுதாக நிற்காது. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்கு ஏடு உண்டு. புலவர் கையில் வீசுகோல், பக்கத்தில் குடமும் உடுக்கையும், வீட்டில் பத்திரமாகக் கதை ஏடு. அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களாகச் சந்தையில் விற்றன. ஒருவர் படிக்க ஊரே கேட்டது, கேட்டவர்கள் வாயில் மறுபடி பாட்டானது. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் கொலை, ரயில் விபத்து, புயல், உப்புச் சத்தியாகிரகம் எல்லாம் உடனுக்குடன் பாட்டுப் புத்தகமாக வந்தன, பெரும்பாலும் கட்டினவர் பெயரோடு. ஆ.இரா. வேங்கடாசலபதி இதற்கு 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயர் வைத்து எழுதிய புத்தகத்தைப் படித்தால், பட்டணத்துத் தெருப் பாட்டுக்கு நம்மிடம் எவ்வளவு பழைய மரபு இருக்கிறது என்று தெரியும். கானாவை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

பட்டியலில் எது சேரும் என்பதைப் பட்டியல் போடுகிறவர்தான் எப்போதும் தீர்மானித்திருக்கிறார். சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் 1871-இல் சென்னையில் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் என்று ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதில் படகர் பாட்டும் குடகர் பாட்டும் இருக்கின்றன. கூடவே தெலுங்குக் கவி வேமனரும் இருக்கிறார், திருக்குறளுக்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது! மக்கள் வாயில் இருக்கிறது, அதனால் மக்கள் பாட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் செசில் ஷார்ப் வேறு மாதிரி. 1903-இல் சாமர்செட் பக்கத்தில் ஹாம்பிரிட்ஜ் என்ற ஊரில், ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் புல் வெட்டிக்கொண்டே பாடியதைக் குறித்துக்கொண்டார். அன்று மாலையே அது பியானோ துணையோடு அரங்கேறிவிட்டது. பின்னாளில் அதே கிராமத்தார் பட்டணத்து அரங்குகளில் கேட்டு வந்த பாட்டுகளைப் பாடினால் அவர் நோட்டை மூடி வைத்துவிடுவார். பாடினவருக்கு இரண்டும் தன் பாட்டுத்தான். ஷார்ப்புக்கு ஒன்று மட்டும் பொக்கிஷம். அந்தப் பள்ளிப் போட்டியின் நடுவர்களும் செய்தது இதைத்தான், அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டாலும்.

நம் பக்கத்தில் பட்டியல் போடுவதில் சாதியும் கலந்து வரும், அதைப் பேசாமல் போனால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். சிலப்பதிகாரத்திலேயே கூத்தை வேத்தியல் (அரசருக்கானது), பொதுவியல் (எல்லாருக்குமானது) என்று பிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் இளங்கோ வேட்டுவவரியும் ஆய்ச்சியர் குரவையும் பாடினார். மாணிக்கவாசகர் அம்மானை, சாழல், உந்தி, பொன்னூசல் என்று பெண்கள் ஆடிப் பாடிய வடிவங்களைத்தான் எடுத்துக்கொண்டார். ஏற்றக்காரர் பாடிய 'மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே' என்ற அடிக்கு அடுத்த அடி தெரியாமல் கம்பர் ராத்திரி முழுக்கத் தவித்தார் என்று கதை சொல்கிறோம். மறுநாள் வந்து 'தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே' என்று கேட்ட பிறகுதான் மனம் அடங்கியதாம். கதைதான், நடந்ததோ இல்லையோ. கவிச்சக்கரவர்த்தியை ஏற்றக்காரரிடம் பாடம் கேட்க வைத்த கதையைத் தமிழர்கள் ஆசையோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வாத்தியம் என்று வரும்போது அந்தப் பெருந்தன்மை காணாமல் போகும். நாதஸ்வரம் ஒன்றுதான். கோயிலில் தவிலோடு ராக ஆலாபனை செய்தால் அது சாஸ்திரிய சங்கீதம். அதே நாதஸ்வரம் பம்பை, உறுமி, தமுக்கோடு கரகாட்டத்துக்கு வாசித்தால் நையாண்டி மேளம், நாட்டுப்புறம். செஞ்சுருட்டி, புன்னாகவராளி ராகங்கள் இரண்டு பக்கமும் ஒலிக்கின்றன. வாசிப்பவர் யார், வாசிப்பது யாருக்கு என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது.

பறையின் கதை இன்னும் கசப்பானது. வேப்ப மரச் சட்டம், மாட்டுத் தோல், புளியங்கொட்டைப் பசை. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால் தோல் இறுகிக் கணீரென்று வரும். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. அடி வகைகளைக் கற்றுத் தேற வருடக்கணக்காகும். ஆனாலும் வெகுகாலம் அதை 'இசை' என்றே யாரும் சொல்லவில்லை, 'சாவுக்கு அடிக்கிறது' என்றார்கள். அடிக்க வேண்டியது ஒரு சாதியின் கட்டாயக் கடமையாக இருந்தது. அதனால்தான் தலித் மக்களில் ஒரு பகுதியினர் 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தார்கள். இன்னொரு பகுதியினர் அதையே விடுதலைக் கருவியாக எடுத்து மேடை ஏற்றினார்கள். இரண்டு முடிவுக்கும் நியாயம் இருக்கிறது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'நாட்டுப்புறக் கலை' என்று இதமாகப் பெயர் வைக்கும்போது இந்தக் கட்டாயத்தின் வரலாறு மறைந்துபோகிறது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2020 டிசம்பரில் சென்னையில் 'மார்கழியில் மக்களிசை' என்று விழா தொடங்கியபோது அந்தப் பெயரில் இருந்த 'மக்களிசை' என்ற சொல் எனக்குப் பிடித்துப்போனதும் இதனால்தான். அதில் புறம் இல்லை.

சரி, கானாவுக்கு வருவோம். 'கானா' என்பது உருது, இந்தியில் பாட்டு என்று பொருள்படும் சொல். அது பிழைத்து வளர்ந்த இடம் சாவு வீடு. ராத்திரி பூராவும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தூங்கிவிடக் கூடாது. ஒருவர் எடுத்துவிடுவார். ஆரம்ப காலத்தில் குடமும் தட்டும் கையில் கிடைத்ததுமே வாத்தியம், அப்புறம் டோலக்கும் ஆர்மோனியமும் சேர்ந்தன. உடம்பு காற்றடைத்த பை என்று சித்தர் மரபில் தொடங்கி, செத்தவர் பெயர், தெரு, செய்த வேலை, பிள்ளைகள் என்று இறங்கிவரும். கருமாதி ராத்திரியிலும் பாடுவார்கள். ராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களோடு இதற்குத் தொடர்பு சொல்பவர்கள் உண்டு. மெட்டு பழையது, சட்டகம் பழையது, செத்தவர் புதியவர். ஒப்பாரியில் நடப்பதும் அச்சு அசல் இதேதான். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, இருக்கிற அடிகளுக்குள் போனவரின் வாழ்க்கையை இட்டு நிரப்புவார்கள். ஒப்பாரியை நாட்டுப்புறப் பாட்டு என்று ஏற்கிற ஒருவர் கானாவை எந்தக் காரணத்தால் மறுப்பார்? பட்டணம் என்பதாலா, பாடுகிறவர்கள் சேரியில் இருப்பதாலா?

'கானா பாடகர்கள் பெயரோடும் புகழோடும் இருக்கிறார்களே' என்று ஒரு மறுப்பு வரும். இருக்கட்டுமே. கொல்லங்குடி கருப்பாயியும் பெயரோடும் புகழோடும்தான் பாடினார், சினிமாவிலும் பாடினார். அவர் பாடியது நாட்டுப்புறம் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. 1990களில் தேவாவின் இசையில் கானா சினிமாவுக்குள் போனது. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவை ராக், ராப்போடு சேர்த்து மேடை ஏற்றியது. இவையெல்லாம் கானாவிலிருந்து கிளைத்தவை. மூலம் இன்றைக்கும் சாவு வீட்டில் ஷாமியானா அடியில் இருக்கிறது.

சினிமாப் பாட்டைப் பற்றி எனக்கு எந்த ஏளனமும் கிடையாது. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, தங்கள் ஊர் மெட்டு வானொலியில் வருகிறது என்று கேட்டு நின்றவர்களின் பரவசத்தை என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர். அந்த மண் அவருக்கு யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை. ஆனால் ஒலிப்பதிவு ஆன நிமிடத்தில் பாட்டு உறைந்துவிடுகிறது. அதற்கு ஒரு சரியான வடிவம் வந்துவிடுகிறது. அடுத்து பாடுகிறவர் அதை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், மாற்றினால் 'தப்பாகப் பாடுகிறான்' என்பார்கள். முதல் பரிசு வாங்கிய பெண்ணை அச்சுப் பிசகாமல் பாடினாள் என்று பாராட்டினார்கள் இல்லையா, அந்தப் பாராட்டே அது எந்த வகைப் பாட்டு என்று சொல்லிவிடுகிறது.

அதே சினிமாப் பாட்டு ஊருக்குள் போய் உடைந்து வேறாவதும் உண்டு. முளைப்பாரிக் கும்மியில் சினிமா மெட்டில் மாரியம்மன் இறங்கி வருவதைக் கேட்டிருக்கிறேன். தேர்தல் வந்தால் எல்லா மெட்டும் வேட்பாளர் பெயர் சொல்லும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்கு வாத்தியாரை வைத்து மாற்றிக் கட்டும் பாட்டு, வகுப்பு வகுப்பாகக் கை மாறி, பத்து வருடம் கழித்து வேறொரு வாத்தியார் பெயரோடு அதே வராண்டாவில் ஓடும். அது என் கணக்கில் முழு நாட்டுப்புறப் பாட்டு. சாவ் பாவ்லோவில் கூடினவர்களும் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எனக்கு இதில் விடை சுலபமாக இல்லாத இடம் ஒன்று உண்டு. ஏற்றம் போய் பம்புசெட் வந்தது. ஏற்றப்பாட்டு எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணவும் உதவியது, அந்த வேலை முடிந்துவிட்டது. நடவு இயந்திரம் வந்த வயலில் நடவுப்பாட்டு இல்லை. இப்போது அவை மேடையில் 4 நிமிடமாகச் சுருங்கி, ஒரே நிறப் புடவையில், கீபோர்டோடு வருகின்றன. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து கேட்டுச் சேர்த்து மேடைக்குக் கொண்டு வரவில்லை என்றால் பல பாட்டு நமக்கு வந்தே சேர்ந்திருக்காது. 2018-இல் அவருக்குக் கிடைத்த பத்மஸ்ரீ அந்த உழைப்புக்குத் தகும். ஆனாலும் மேடையில் கேட்பது நடவுப்பாட்டின் நினைவு. மெட்டு இருக்கிறது, குனிந்த முதுகு இல்லை. அதைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது, அதுவேதான் இது என்று சொல்லவும் வராது.

இன்னொன்று காசு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டுப்புறப் பாடலுக்கென்று தனிப் பாதுகாப்பு இல்லை. 1994 திருத்தத்தில் நிகழ்த்துநர் உரிமை வந்தது, பாடினவருக்குத் தன் பாட்டின் ஒலிப்பதிவில் ஓர் உரிமை உண்டு. ஆனால் மதினி கட்டி, ஆச்சி சேர்த்து, அடுத்தவள் அம்மா முடித்த பாட்டை ஒருவர் எடுத்துப் போய் தன் பெயரில் வெளியிட்டால் புஞ்சையில் இருப்பவர்களால் என்ன செய்ய முடியும்? 'பாடல்: மரபு' என்று போட்டுவிட்டால் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. மரபு என்ற சொல்லை இப்படிப் பயன்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. அது எல்லாருடையது என்றுதான் நானும் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவானதை ஒருவர் மட்டும் விற்பது வேறு விஷயம். குறைந்தது யாரிடம் கேட்டது, எந்த ஊரில் கேட்டது என்று, அவர்கள் சம்மதித்தால், பெயர் போட்டாவது எழுதலாம்.

இனி ஆசிரியருக்கு. அடுத்த வருடம் போட்டி வைத்தால், பிள்ளைகள் பாடி முடித்ததும் நடுவர்களை இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பாட்டை யாரிடம் கேட்டாய்? இதில் நீ எதை மாற்றினாய்? அந்தப் பெண்ணையும் கேளுங்கள், அவளுக்கும் வீட்டில் ஓர் ஆச்சி இருக்கலாம், தாலாட்டோ கும்மியோ கேட்டிருக்கலாம், யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்திருப்பாள். பையனின் கதையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மெட்டை எதிர்வீட்டு அண்ணன் ஒருவர், வேறொருவரின் சாவில் பாடக் கேட்டதாகவும், 'ரிக்‌ஷா மிதிச்ச காலு' என்று இருந்த இடத்தில் 'ஐஸு பெட்டி தூக்குன தோளு' என்று தானே போட்டதாகவும் உங்களிடம் சொன்னான் என்று. அந்த ஒரு வரியை நடுவர்களிடம் அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். முடிந்தால் பாட்டை முழுதாக உங்கள் போனில் பதிவு செய்து, அவன் பெயரும் அந்த அண்ணன் பெயரும் தேதியும் எழுதி, பள்ளியில் ஒரு பிரதி வையுங்கள்.